சோறு இருக்கிறது, ஆணத்திற்கு என்ன செய்வது?

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

இல்லத்தின் மளிகை இருப்பு என்பது பெண்கள் மட்டும் கேட்க வேண்டிய பொருள் என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். ஆண்களும் கேட்க வேண்டும் என்றே நாம் விரும்புகிறோம். அடுப்பு ஒருவர் பொறுப்பில் இருக்கிறது. பணமோ மற்றொருவரின் சட்டைப் பையில் இருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத வீட்டில் எத்தனை சிக்கனம் செய்தாலும் மாதக் கடைசியில் கை கடிக்கவே செய்யும்.

முதலில் அரிசியை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. ஈகைப் பெருநாளையொட்டி ஃபித்ரா அரிசியும் எளியோர் இல்லங்களுக்கு வந்து சேருகிறது. ஆகவே நம் குடும்பங்கள் பலவற்றில் சோற்றுக்குப் பெருங்குறை இல்லை. அந்தச் சோற்றோடு சேரும் ஆணத்திற்காகத்தான் அன்றாடம் கடைக்கு ஓடுகிறோம். காலையில் ஒரு பொட்டலம் எண்ணெய், மதியம் ஐம்பது கிராம் மிளகாய்த்தூள், மாலையில் கால் கிலோ பருப்பு என்று சில்லறையாக வாங்குகையில், பொருளின் விலையோடு பொட்டலத்தின் விலையையும் கொடுக்கிறோம். ஒன்றும் இல்லாத இரவில் பரோட்டாவும் சால்னாவும் கட்டி வருகிறோம். அந்த ஒரு வேளைச் செலவில் ஒரு வாரத்துப் பருப்பை வாங்கியிருக்கலாம்.

இதைவிடக் கொடியது கடன் சிட்டை. கடன் சொல்லி வாங்குபவர் விலை கேட்பதில்லை, தரமும் கேட்பதில்லை. பாக்கி தீரும்வரை வேறு கடைப் படியேறவும் அவருக்கு மனம் துணிவதில்லை.

ஆகவே இருப்பைத் திட்டமிடும்போது அரிசியிலிருந்து தொடங்காமல் ஆணத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நம் கருத்து. மீனும் கறியும் காய்கறியும் வாங்க இயலாத மூன்று நாட்கள் தொடர்ந்து வந்தாலும், வீட்டிலுள்ள பொருளைக்கொண்டே பிள்ளைகளுக்கு வயிறார உணவளிக்க இயலுமா? அதுவே அளவுகோல்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்திற்கு மாதம் இரண்டு கிலோ துவரம்பருப்பு வேண்டும். அதில் ஒரு கிலோ நியாயவிலைக் கடையில் முப்பது ரூபாய்க்கும், பாமாயில் ஒரு லிட்டர் இருபத்தைந்து ரூபாய்க்கும் 2007ஆம் ஆண்டு தொடங்கிய சிறப்புத் திட்டத்தின்கீழ்க் கிடைக்கின்றன. மாத முற்பகுதியிலேயே சென்று வாங்கிவிடுவது நலம். அடுத்து, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு ஆகியவற்றில் ஏதேனும் இரண்டை ஒவ்வொரு கிலோ வாங்கி வைக்கலாம். இரவில் ஊறவைத்த பயறு வெந்தபின் இரு மடங்குக்கும் மேல் எடை கூடும். ஊறியதால் எரிவாயுவும் மிச்சமாகும். கால் கிலோ பயறு ஐவருக்கு ஒரு வேளை ஆணமாகும். கறி இல்லாத நாளைக் குறைபட்ட நாளாகக் கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால் நாம் விரும்பி உண்ணும் தால்ச்சாவிலேயே வயிற்றை நிரப்புவது எலும்பா, கடலைப்பருப்பா என்பதைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

புளி, மிளகாய், மல்லி ஆகிய மூன்றையும் மாதந்தோறும் வாங்குவதைவிட ஆண்டுக்கொரு முறை, புதுச்சரக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் வாங்குவதே சிறந்தது. புளியைக் கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி மண்சாடியில் அடைத்தால் அடுத்த ஆண்டு வரை கெடாது. புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் இருந்தால் புளியாணம் ஆயிற்று. மிளகாயை மட்டும் முழுதாகவே வைத்திருந்து, இரண்டு மாதத்திற்கு வேண்டிய அளவே அரைத்துக்கொள்ள வேண்டும். தூளாக்கியது விரைவில் மணம் இழக்கும். கடலோர ஊர்களில் ஒரு துண்டு மாசியும் சிறிது கருவாடும் இருப்பில் இருந்தால், தேங்காயோடு இடித்த சம்பலே ஒரு வேளையைத் தாங்கும்.

வாங்குவதற்கு ஈடான கவனம் காப்பதிலும் தேவை. துவரம்பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவி வெயிலில் உலர்த்துவதும், அரிசியில் வேப்பிலையோ வசம்போ போடுவதும் நம் பாட்டிமார் செய்தவையே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டப்பாக்களைத் தரையில் வைக்கலாகாது. நிலக்கடலையிலோ மிளகாயிலோ பூசணம் பிடித்துவிட்டால் கழுவிக் காயவைத்துப் பயன்படுத்தும் வழக்கத்தை அறவே விட வேண்டும். அதில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது; சமையல் சூட்டில் அழியாதது. இந்த ஓரிடத்தில் மட்டும் சிக்கனம் கூடாது.

மாதச் சம்பளமோ வெளிநாட்டுப் பணமோ வருகின்ற வீட்டு ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள்தோறும் நூறு, இருநூறு என எண்ணிக் கொடுப்பதைவிட, பணம் வந்த அன்றே மளிகைக்குரியதை ஒரே தொகையாக இல்லத்தரசியின் கையில் கொடுத்துவிடுங்கள். அதே பணம், நான்கு நாட்கள் கூடுதலாக நின்று பிடிக்கும்.

அன்றாடக் கூலி பெறுவோரிடம் மாத மளிகை வாங்கச் சொல்வது பொருந்தாது என்பதை அறிவோம். அவர்கள் வாரம் ஒரு பொருளை மட்டும் தேவைக்கு மேல் அரைக் கிலோ வாங்கி ஒதுக்கி வரலாம்; இரண்டு மூன்று மாதங்களில் சிறு இருப்பு சேர்ந்துவிடும். பங்காளி வீடுகள் மூன்று நான்கு சேர்ந்து மொத்தக் கடையில் புளியும் மல்லியும் எடுத்துப் பிரித்துக்கொள்வதும் இயலக்கூடியதே.

நிறைவாக, நிர்வாகக் குழுவினரின் பார்வைக்கு ஒன்று. ரமலானில் எளியோருக்குத் தரும் உதவிப் பையில் அரிசியும் சேமியாவும் பேரீச்சம்பழமும் மட்டும் இருந்தால், பெருநாள் கழிந்த மறுவாரமே அவ்வீட்டார் மீண்டும் கடன் சிட்டையோடு நிற்பர். அரிசி வேறு வழியிலும் வருவதால், பையில் அதைக் குறைத்து இரண்டு கிலோ பருப்பு, ஒரு கிலோ கொண்டைக்கடலை, ஒரு லிட்டர் எண்ணெய், அரைக் கிலோ புளி, கால் கிலோ மிளகாய் சேர்த்துத் தர இயலுமா என்பதை அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்க வேண்டுகிறோம்.