ஊசியும் அசதியும்

(விருதுநகர் வட்டாரத்துக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சாமியைப் பற்றியதல்ல, சடங்கைப் பற்றியதுமல்ல. உடம்பு அசதியைப் பற்றியது. இதைப் பேசும்படி செய்தவர் திருத்தங்கல் பக்கத்து ஓர் அம்மாள். பட்டாசு ஆலையிலே பதினைந்து வருஷ வேலை. சென்ற மாதம் நம்மிடம் வந்து, "அண்ணாச்சி, கொரோனா ஊசி போட்டதிலிருந்து கை கால் எல்லாம் வலிக்குது. விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் அசதி தீரலை. இப்போ மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஊசி வரப்போகுதாமே, அவளுக்கும் இந்தக் கதிதானா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிடுவது பகுத்தறிவு ஆகாது. படித்தவர்கள் பலர் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிவிடுகிறார்கள். அது பிரமை அல்ல. மாதக்கணக்கில் தீராத களைப்புக்கு வைத்திய உலகத்திலே தனிப்பெயர் உண்டு. உடம்பெங்கும் பரவி நிற்கும் வலிக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர். இரண்டும் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். இரண்டையும் காட்டிக்கொடுக்க ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆகவே வைத்தியர் காகிதத்தைப் புரட்டிவிட்டு "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்கிறார். வைத்தியர் கைவிட்ட இடத்திலேதான் அடுத்த தெருக்காரன் வந்து உட்காருகிறான். ஒருவன் செய்வினை என்கிறான், இன்னொருவன் ஊசி விஷம் என்கிறான்.

சரி, ஊசிக்குப் பிறகு வந்ததெல்லாம் ஊசியால் வந்ததா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று பனங்காட்டிலே பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் காக்கைமேல் குற்றமில்லை என்று வாயால் சொன்னால் மட்டும் போதுமா? அதற்கும் ருசு வேண்டும். காக்கை உட்கார்ந்த மரத்தில் எத்தனை பழம் விழுந்தது, உட்காராத மரத்தில் எத்தனை விழுந்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த எண்ணிக்கையைத்தான் சில தேசங்களில் எடுத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் இந்தப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட பெண்கள் சிலருக்குத் தீராத வலியும் களைப்பும் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அரசாங்கம் பயந்து 2013 ஜூன் மாதத்தில் "போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதையே நிறுத்திற்று. நூற்றுக்கு எழுபது பேர் போட்டுக்கொண்டது போய், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்றாயிற்று. 2015இல் நகோயா நகரத்தார் சுமார் 70,000 பெண்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். ஊசியால் கெட்டோம் என்றவர்களின் சங்கம் கேட்டதன்பேரில் நடந்த கணக்கு அது. சுமார் 30,000 பேர் பதில் எழுதினார்கள். களைப்பு, மூட்டுவலி, தலைவலி என்று 24 தொல்லைகளைக் கேட்டதில், ஊசி போட்டவர்களுக்கு இருந்த அளவு போடாதவர்களுக்கும் இருந்தது. ஜப்பான் அரசாங்கம் 2022 ஏப்ரலில்தான் பழையபடி ஊசியைச் சிபாரிசு செய்தது. இடையிலே வீணான வருஷங்களால் பிற்காலத்தில் சுமார் 5,000 பெண்கள் அந்தப் புற்றுநோயால் சாவார்கள் என்று 2020இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள்.

"ஊசிக்காரனே எழுதின கணக்குத்தானே?" என்று ஒரு தோழர் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நார்வே தேசத்தின் கணக்கைச் சொல்லுகிறோம். 2009இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது அங்கே ஒரு தடுப்பூசி போட்டார்கள். அதே ஊசியைப் போட்ட பின்லாந்திலும் சுவீடனிலும் 2010இல் சில பிள்ளைகள் பட்டப்பகலில் திடீர் திடீரென்று தூங்கிவிழும் வியாதிக்கு ஆளானார்கள். எண்ணிப் பார்த்தார்கள். ஊசி போட்ட பிள்ளைகளிடம் அந்த வியாதி அதிகமென்று தெரிந்தது. தெரிந்ததை மறைக்காமல் வெளியிட்டார்கள். பிறகு நார்வேயில் அதே ஊசியை நாட்பட்ட களைப்பு நோய்க்கும் சோதித்தார்கள். ஊசி போட்டவர்களுக்குக் களைப்பு நோய் கூடவில்லை. ஆனால் காய்ச்சல் கண்டவர்களுக்கோ அது இரண்டு மடங்கு வந்திருந்தது! ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்த அதே தராசு மற்றொரு குற்றச்சாட்டிலிருந்து விடுதலை கொடுத்தால், அதை எப்படித் தள்ளுவது?

நோய்க்குப் பின் அசதி நிற்கும் என்பது நமக்குப் புதிதா? 2006இல் சிக்குன்குனியா வந்தபோது மாதக்கணக்கில் மாடிப்படி ஏற முடியாமல் கிடந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். கொரோனா கண்டவர்களில் பலருக்கும் அப்படியே. ஊசிக்குப் பின் ஓரிரண்டு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வருவது மெய். அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது என்பது வேறு கேள்வி. அதை ஆலை முதலாளியிடம் கேட்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. ஊசியிலே அலுமினியம் இருக்கிறதாமே என்று நம்மூரில் பேசுகிறார்கள். சிலவற்றில் இருப்பது உண்மை. உலோகமாக அல்ல, உப்பாக, ஒரு மில்லிகிராம் அளவில். பிரான்சு தேசத்து வைத்தியர்கள், வலியும் களைப்பும் உள்ள சிலருடைய புஜத்துச் சதையிலே அலுமினியம் தங்கியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதை ஆராய்ந்து, அந்த அடையாளம் ஊசி போட்டதற்குச் சாட்சியே ஒழிய, தனி நோய் ஒன்று உண்டென்பதற்குச் சாட்சி அல்ல என்றது. நாம் கேட்பது என்னவென்றால், மருந்து என்ற சொல்லுக்குச் சிவகாசியில் இரண்டு பொருள் உண்டே, அந்த இரண்டாவது மருந்தைப் பற்றி யாராவது பயப்பட்டார்களா? அலுமினியப் பொடி படிந்து வெள்ளிப் பதுமைபோல் சாயங்காலம் பஸ் ஏறுகிறவர்களை நித்தம் பார்க்கிறோம். ஒரு மில்லிகிராமுக்கு அலறுகிறவர்கள் கை கொள்ளாத பொடிக்கு வாய் திறப்பதில்லை. பொடிதான் அசதிக்குக் காரணம் என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

எண்ணிப் பார்த்த ஒன்று கைவசம் இருக்கிறது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. புருஷனுக்கும் பிள்ளைக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்று, நாள் முழுதும் குனிந்து வேலை செய்கிற உடம்பு அசந்துபோகாமல் என்ன செய்யும்? தைராய்டும் சர்க்கரையும்கூட அசதியைத் தரும்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2025 மார்ச்சு நிதிநிலை அறிக்கையில், 14 வயது வரையுள்ள பெண் குழந்தைகளுக்கு இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் 2009இல் ஆந்திரத்துக் கம்மம் ஜில்லாவில் இதே வகை ஊசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டபோது, பெற்றவர்கள் போட வேண்டிய கையெழுத்தை விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். சில பெண்கள் இறந்தார்கள். விசாரித்ததில் பாம்புக்கடி, மலேரியா, நீரில் மூழ்கியது என்று வேறு காரணங்கள் தெரிந்தன. ஆனாலும் 2010இல் திட்டம் நின்றது. 2013இல் பார்லிமெண்டுக் கமிட்டி கடுமையாகக் கண்டித்தது. தாயைக் கேளாமல் மகளின் கையைப் பிடித்தால் வதந்திதான் முளைக்கும்.

அந்த அம்மாளைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் பார்க்கச் சொன்னோம். ஹீமோகுளோபின் எட்டுத்தான் இருந்தது. இரும்பு மாத்திரை தின்கிறார். மூச்சிரைப்புக் குறைந்திருக்கிறது, வலி அவ்வளவாகக் குறையவில்லை. மகளைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. "அண்ணாச்சி, அந்த ஊசியில் என்ன இருக்கு, போட்டால் என்ன செய்யும்னு தமிழில் எழுதிக்கொண்டாங்க. படிச்சுட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். எழுதி முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை கொண்டு போகிறோம். வருகிற தோழர்கள் வரலாம்.