ஆலிவ் எண்ணெய் பாட்டிலும் நம்ம உள்கடனும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் ஒரு குழுவில் உள்கடன் கேட்டு மனு வந்தது. எதுக்குத் தெரியுமா? முகத்துக்குப் பூசும் எண்ணெய் பாட்டிலை மொத்தமா வாங்கி விற்பதற்கு. சின்ன பாட்டில் 600 ரூபாய். "ஆலிவில் எடுத்த ஸ்குவாலேன், பத்தே நாளில் சிவப்பாகலாம்" என்று ஏஜென்ட் சொன்னாராம். "இது நெசமா மேடம்?" என்று ஊக்குநர் அக்கா கேட்டார். அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நம் தோல் தானாகவே எண்ணெய்ப் பசையைச் சுரக்கிறது. அதில் சுமார் 12 சதவீதம் ஸ்குவாலீன் என்ற பொருள். காற்றுப் பட்டால் அது சீக்கிரம் கெட்டுவிடும். அதோடு ஹைட்ரஜன் வாயுவைச் சேர்த்துக் கெடாமல் செய்ததுதான் ஸ்குவாலேன்.

1906-ல் ஜப்பான் வேதியியலாளர் சுஜிமோட்டோ இதைச் சுறா மீனின் ஈரல் எண்ணெயில் கண்டார். அழகுப் பொருளுக்காக ஆழ்கடல் சுறாக்களைப் பிடித்தார்கள். அவை மெதுவாக வளர்பவை, குட்டி போடுவதும் கொஞ்சம்தான். இனமே அழியும் என்று எதிர்ப்பு வந்தது. 2008-ல் யூனிலீவர் கம்பெனி தாவரத்துக்கு மாறுவதாக அறிவித்தது.

அந்தத் தாவரங்களில் முக்கியமானது ஆலிவ். பைபிளில் வரும் ஒலிவ மரம், முஸ்லிம் சகோதரிகள் சொல்லும் சைத்தூன், எல்லாம் ஒண்ணுதான். ஸ்பெயின், இத்தாலி நாடுகளில் அதிகம் விளைகிறது. எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது நீராவி விட்டு வாடையை எடுப்பார்கள். நீராவியோடு வெளியேறும் கழிவிலிருந்து ஸ்குவாலீனைப் பிரிக்கிறார்கள். கழிவும் காசாகுது பாருங்க!

சரி, பூசினால் என்ன ஆகும்? தோலின் ஈரம் போகாமல் காக்கும், வறட்சி குறையும், மிருதுவாகும். அவ்வளவுதான். நிறத்தை மாற்றாது. சிவப்பாக்கும் என்று விற்கும் சில க்ரீம்களில் பாதரசம் கலந்திருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வயல் வேலையில் கால் வறண்டு போகுதா? கழுவி, ஈரம் முழுசா காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் வெடிப்பு வந்தால் மட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே காட்டுங்கள்.

எந்தப் பாட்டிலை வாங்கினாலும் லேபிளைப் படியுங்கள். தயாரித்தவர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி இருக்கணும். சேர்த்திருக்கும் பொருள்களில் அதிகமா உள்ளது முதலில் வரும். 'ஆலிவ்' என்று முன்னாடி பெரிசா போட்டுவிட்டு, பின்னாடி கடைசி வரியில் ஸ்குவாலேன் இருந்தால் அது பேருக்குச் சேர்த்தது.

அந்த ஊக்குநர் அக்கா ஏஜென்டிடம் மூணு கேள்வி கேட்டார்: "பில் தருவீங்களா? உரிம எண் எங்கே? விற்காததைத் திருப்பி எடுப்பீங்களா?" மூணுக்கும் பதில் இல்லை. குழு கூடி மனுவைத் தள்ளி வைத்தது.

கடன் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் குழுவின் முடிவு. ஆனால் அது வாராவாரம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.