கிடேரியை விற்கத் தக்க காலம்



திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் மாடு என்றால் உம்பளச்சேரி மாடுதான் முதலில் நினைவுக்கு வரும். தலைஞாயிற்றுக்கு அருகிலுள்ள உம்பளச்சேரிக் கிராமத்தின் பெயரால் வழங்கும் இச்சாதி, காவிரிக் கடைமடையின் ஆழ்ந்த சேற்றில் உழுவதற்கென்றே அமைந்தது போன்ற குட்டையான உடலும் உறுதியான கால்களும் வாய்ந்தது. கன்று செந்நிறமாகப் பிறந்து, ஆறு மாத அளவில் சாம்பல் நிறம் அடையும். முகத்திலும் கால்களிலும் வாலிலும் வெண்மை காணும். எருதுகளின் கொம்பை நீக்கிவிடும் வழக்கம் பற்றி மொட்டை மாடு என்றும், திசை பற்றித் தெற்கத்தி மாடு என்றும் இதற்குப் பெயர் உண்டு.

டிராக்டரும் பவர் டில்லரும் வயலில் இறங்கிய பின் எருதின் மதிப்புக் குறைந்துபோயிற்று. பசுவோ நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவே பால் தருவது. எனவே குடும்பத்தில் பணமுடை ஏற்பட்டால் சினைப்படாத இளங்கிடேரியே முதலில் சந்தைக்கு ஓட்டப்படுகிறது. ஒன்றும் ஈட்டித் தராத உருப்படி என்று எண்ணி விற்பவன், நாளைய மந்தையையே விற்கிறான் என்பதை அச்சமயம் உணருவதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இப்பிரதேசத்தில் ஏராளமான கால்நடைகளை மாய்த்தது. அவ்வித நஷ்டத்தை ஈடுசெய்ய வெளி ஜில்லாக்களில் இச்சாதிக் கிடேரி கிடைப்பது அரிது.

பிரிட்டன் முதலிய தேசங்களில் இறைச்சிக்காக மாடு வளர்ப்போரும் இதையொத்த கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். கிடேரியை நேரே விற்றுவிடாமல், ஒரேயொரு கன்று ஈனச் செய்து, அக்கன்று பால் மறந்தபின் தாயை விற்பது அவர்கள் ஆராய்ந்த ஒரு முறை. வளர்ந்த பசு தின்னும் தீனியில் பெரும் பகுதி அதன் உடலைக் காப்பதற்கே செலவாகிறது. கிடேரியோ தானும் வளர்ந்துகொண்டு கன்றும் தருகிறது. இம்முறையிலும் தொல்லையுண்டு. தலையீற்றில் பிரசவம் கடினமாகலாம். ஈன்ற மாட்டின் இறைச்சிக்கு விலையும் குறையலாம்.

அம்முறையின் பிற்பகுதி இங்கே பொருந்தாது. 1958-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுப் பிராணிகள் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதது அல்லது நிரந்தரமாக ஊனமுற்றது என்று சான்று பெற்ற மாட்டையே வெட்டலாம். 1976-ல் பிறந்த அரசாங்க உத்தரவு பசுவையும் கிடேரியையும் வெட்டுவதையே தடுத்தது. முற்பகுதி மட்டும் நமக்கு முற்றிலும் ஏற்றது. கிடேரியை விற்றே தீரவேண்டுமானால், தலையீற்றுக் கண்ட பின் விற்கலாம். பெண்கன்று பிறந்து பால் மறந்தால் அதை நிறுத்திக்கொண்டு தாயைக் கறவையாக விற்பவனுக்கு விலையும் மிகும். வம்சமும் கொட்டிலில் நிற்கும்.

அதுவரை யார் தீனி போடுவது என்ற கேள்வி நியாயமானதே. உம்பளச்சேரிக் கிடேரி முதற்கன்று ஈனச் சுமார் நாலு வயது ஆகிவிடுகிறது. இத்தாமதத்தில் பெரும் பங்கு தீனிக் குறைவால் நேர்வது. சம்பாப் பருவத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் வரப்பும் நீரில் கிடக்க, மாட்டுக்கு வெறும் வைக்கோல்தான் கதி. வைக்கோலில் தசை வளர்க்கும் சத்து மிகவும் சொற்பம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, இறுக மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடிவைத்தால் அது சத்தேறும். எடுத்தவுடன் போடலாகாது, சற்று ஆறவிட வேண்டும். ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்கவே கூடாது. கரைத்த நீரை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அறுவடைக்குப் பின் விதைக்கும் உளுந்து, பயற்றின் கொடியை வெயிலில் பாழாக்காமல் உலர்த்திச் சேமித்தால் அதுவே மழைக்காலத்திற்குச் சிறந்த துணைத்தீனி. வேலியோர அகத்தியும் கல்யாண முருங்கையும் செலவில்லாதவை.

காளைக்கு விடுவதற்கு வயதைவிட எடையே அளவுகோல். தாய்ப்பசுவின் எடையில் மூன்றில் இரண்டு பங்கை எட்டிய கிடேரியே சினைக்குத் தகுதியானது. தராசு இல்லாத ஊரில் கயிறும் அங்குல அளவும் போதும். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனை முதல் பின்தொடை முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ எடை வரும். சுற்றளவு 55, நீளம் 48 எனில் 220 கிலோ. தாய் 330 கிலோ இருந்தால் இக்கிடேரியைத் தாராளமாகக் காளைக்கு விடலாம். எட்டாததை அவசரப்பட்டு விட்டால் ஈற்றில் இரண்டு உயிரும் போகக்கூடும். எட்டியதை வீணே நிறுத்தி வைப்பதும் நஷ்டமே. ஒருமுறை பருவம் தவறினால் 21 நாள் தீனி தண்டம்.

வாய்க்காலோர நத்தைகளால் பரவும் தட்டைப்புழு, மழைக்குப் பின் இளங்கிடேரிகளைக் கழிச்சலில் வாட்டுகிறது. மிருக வைத்தியரைக் கேட்டு மருந்து புகட்டுவது அவசியம். கருச்சிதைவு நோய்க்குரிய தடுப்பூசியைப் பெண்கன்றுக்கு 4 மாதம் முதல் 8 மாதத்திற்குள் ஒருமுறை போட வேண்டும். அவ்வயது கடந்தால் போடுவதில்லை. இதற்கான தேசியத் திட்டம் 2019-ல் ஆரம்பிக்கப்பட்டது.

பொலிகாளை விஷயத்தில்தான் கிராமங்கள் மிகவும் அசட்டையாக இருக்கின்றன. ஒரே காளை பல வருஷம் மந்தையில் நின்று தன் மகளையே கூடுவதால் கன்றுகள் சிறுத்துப்போகின்றன. திருத்துறைப்பூண்டிக்கு அருகே கொருக்கையிலுள்ள அரசாங்கக் கால்நடைப் பண்ணையில் உம்பளச்சேரி மந்தை பராமரிக்கப்படுகிறது. மூன்று நான்கு கிராமத்தார் கூடிப் பேசி, இரண்டு வருஷத்திற்கு ஒருமுறை தங்கள் காளைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது, கிடேரிகள் பருவத்துக்கு வருமுன் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு.