தீயின்றிப் பற்றும் உலோகங்கள்



‘வெல்டிங்’ என்பதை நாம் ‘பற்றவைத்தல்’ என்கிறோம். பற்றுதல் என்னும் சொல்லுக்குத் தீப்பிடித்தல், இறுகப் பிடித்தல் என இரு பொருள்கள் உண்டு. பட்டறையில் இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நிகழ்கின்றன. தீயை விலக்கி, பிடிப்பை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு முறையை இன்று விளக்க விழைகிறேன்.

முதலில் சிக்கலைக் காண்போம். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். செம்பு உருக ஏறத்தாழ 1085 பாகை வேண்டும். இவ்வேறுபாட்டினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இரண்டும் உருகிக் கலக்குமிடத்தில் புதிய சேர்மங்கள் பிறக்கின்றன. அவை கடினமானவை; ஆயினும் எளிதில் நொறுங்குபவை. வெளியே உறுதியாகத் தோன்றும் இணைப்பு, சுமை ஏறியதும் அவ்விடத்திலேயே விரிசல் காணும்.

உருக்குவதால்தான் இக்கேடு என்றால், உருக்காமலே இணைக்க இயலாதா? இவ்வினாவுக்கு ஒரு விடையே மீயொலி அடுக்கு உற்பத்தி. ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர் தடிப்புள்ள உலோகத் தகட்டை அடித்தளத்தின்மேல் விரித்து, அதன்மீது ஓர் உருளையை அழுத்தி உருட்டுவர். அவ்வுருளை நொடிக்கு 20,000 முறை பக்கவாட்டில் அதிரும். அதிர்வின் வீச்சு தலைமயிரின் தடிப்பினும் குறைவு. அந்த உராய்வில், உலோகத்தை மூடியிருக்கும் ஆக்சைடுப் படலம் உடைந்து சிதறுகிறது. தூய உலோகம் தூய உலோகத்தைத் தொடுகிறது, அணுக்கள் பிணைகின்றன. வெப்பம் உருகுநிலையை எட்டாமையால், நொறுங்கும் சேர்மங்கள் பெருக வாய்ப்பு மிகக் குறைவு. அடுக்குகள் உயர்ந்தபின் அதே பொறி வேண்டாத பகுதிகளைக் கடைந்து நீக்கிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டான் வைட் என்னும் அறிஞர் 1999-இல் நிறுவிய சோலிடிகா நிறுவனமே இம்முறையை உருவாக்கியது. 2011-இல் ஒஹாயோ மாநிலத்தில் தோன்றிய ஃபேப்ரிசோனிக் நிறுவனம், ஆற்றல் மிகுந்த பொறிகளால் இதை வளர்த்தது. வெப்பம் குறைவாதலால் ஒளியிழை உணரிகளை உலோகத்தினுள்ளேயே புதைக்கலாம். நாசாவின் ஆய்வுப் பணிகளுக்காக வெப்பப் பரிமாற்றிகளும் இவ்வாறு ஆக்கப்பட்டன. எடை குறைந்த அலுமினியத்தையும் வெப்பத்தை விரைந்து கடத்தும் செம்பையும் ஓருடலாக்குவது விண்கலப் பொறியாளருக்குப் பெரும் பேறாகும்.

குறைகளையும் மறைத்தல் கூடாது. உயர்ந்து மெலிந்த சுவரை எழுப்பினால், அதுவும் உருளையுடன் சேர்ந்தே ஆடத் தொடங்கும், அப்போது உராய்வு குன்றும், பிடிப்பும் தளரும். அடுக்குகளைப் பிரிக்கும் திசையில் வலிமை சற்றுக் குறைவு. கடினமான உலோகங்கள் எளிதில் இசைவதில்லை.

இனி, மொழிக்கு வருவோம். வெல்டிங் என்பதை ‘உருக்கி இணைத்தல்’ என்று வகுத்தால், இம்முறையைக் கற்கும் மாணவனுக்கு அச்சொல்லே தடையாகும். உருகாதது எவ்வாறு இணைந்தது என்று அவன் மயங்குவான். ‘பற்றவைத்தல்’ என்றாலோ, தீ போனபின்னும் சொல் பொருந்தி நிற்கிறது. ஆகவே கலைச்சொல் ஆக்குவோர், அகராதியைத் திறக்குமுன் பட்டறைக்குள் ஒருமுறை சென்றுவர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.