மாஸ்டர்ஜியின் அளவுப் புத்தகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரைப் பற்றியோ கம்பரைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இவ்வாண்டு எங்களுக்குத் தரப்பட்ட பொருளோ, 'நம் குடியிருப்பின் பழைய நாட்கள்' என்பது. தில்லியில் தமிழர் வாழ்ந்த கதையைச் சொல்லப் புகுந்தால் அலுவலகம், பள்ளிக்கூடம், கோவில் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றை நன்கு அறிந்தோர் சொல்லுவர். இக்குடியிருப்பில் பிள்ளைகளாக ஓடியாடி வளர்ந்த நாங்கள் ஒரு தையற்காரரைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம். அவர் தமிழர் அல்லர். நம் சங்கத்தின் உறுப்பினரும் அல்லர். ஆயினும் நம் வீட்டு ஆடவர் ஒவ்வொருவருடைய மார்பளவும் தோளளவும் கையளவும் அவருக்குத் தெரிந்திருந்தன.

ஐம்பதுகளில் எங்கள் தந்தையர் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து புது தில்லியில் வந்திறங்கியபோது, அவர்களுடைய தகரப் பெட்டியில் இருந்தவை வேட்டிகளும் பருத்திச் சட்டைகளுமே. கம்பளி என்றால் மார்கழிப் பனிக்குத் தலையைச் சுற்றிக்கொள்ளும் ஒரு துண்டு. அதற்குமேல் அவர்கள் அறிந்ததில்லை. தில்லியின் ஜனவரியோ அதற்கெல்லாம் அடங்குவதன்று. காலை வேளையில் வெப்பநிலை நான்கைந்து பாகைக்கு இறங்கிவிடும். அந்தக் குளிர்காற்றில் சைக்கிள் மிதித்துச் செயலகம் போய்ச் சேருவதற்குள் விரல்கள் மரத்துப் போகும். பேனா பிடிக்க அரைமணி நேரம் ஆகும் என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகவே, கோட்டு என்பது ஆடம்பரப் பொருளாக வந்ததன்று. உயிர் காக்கும் பொருளாகவே வந்தது. ஆனால், இரண்டாம் ஊதியக் குழுவிற்குப் பின்னர், 1959-இல் கூட, கீழ்நிலை எழுத்தருக்குச் சம்பளம் 110 ரூபாயில் தொடங்கி 180 ரூபாயில் நின்றது. அதில் ஊருக்கு மணியார்டர் அனுப்பியது போக எஞ்சியதில், கன்னாட் பிளேசின் பெரிய தையற்கடைகள் கண்ணால் கண்டு களிப்பதற்கு மட்டுமே உரியனவாயிருந்தன.

அந்நாளில் நமக்கு வாய்த்தவர்தாம் மாஸ்டர்ஜி. 1947-இல் நாடு பிரிந்தபோது ஏறத்தாழ 5 லட்சம் மக்கள் வீடிழந்து தில்லிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் ஒருவர் அவர். ராவல்பிண்டியில் மூன்று இயந்திரங்கள் ஓடிய கடையை விட்டுவிட்டு, ஒரு கத்தரிக்கோலை மட்டும் துணியில் சுற்றி எடுத்துவந்த சீக்கியர். சந்தையின் பின்புறத் தாழ்வாரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு தையல் இயந்திரத்தோடு தொழிலை மீண்டும் தொடங்கினார். எங்கள் தந்தையரை 'பாபுஜி' என்பார். அன்னையரை 'பஹன்ஜி' என்பார். எங்களை 'பேட்டா' என்பார். நாளடைவில் 'சரியா?', 'போதுமா?' என்னும் இரண்டு தமிழ்ச் சொற்களையும் கற்றுக்கொண்டார். தையற்கடைக்கு அவ்விரண்டு சொற்களே போதுமானவை.

கம்பளித் துணிக்கு அப்போது பெயர் பெற்றவை இரண்டு ஊர்கள். கான்பூரின் 'லால் இம்லி' ஆலை 1876-இலும், பஞ்சாபின் தாரிவால் ஆலை 1880-இலும் தோன்றியவை. தீபாவளி கழிந்ததும் அத்துணிகளில் ஒன்றை வாங்கிக்கொண்டு தந்தையார் கடைக்குச் செல்வார், நாங்கள் பின்தொடர்வோம். மாஸ்டர்ஜி முதலில் துணியை முகர்ந்து பார்ப்பார். ஓர் இழையை உருவி விளக்கில் காட்டுவார். உண்மையான கம்பளி முடி கருகும் நாற்றத்துடன் பொசுங்கும். அதன் பின்னரே இஞ்சு நாடா கழுத்திலிருந்து இறங்கும். நாடு மீட்டருக்கு மாறிய பின்னரும் அவர் கணக்கு இஞ்சிலேயே நின்றது. அளவுகளை அவர் சொல்லச் சொல்ல, உதவிப் பையன் நீண்ட சிவப்பு அட்டைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வான். அதில் ஆண்டுதோறும் எங்கள் தந்தையரின் இடுப்பு அரையரை இஞ்சாக வளர்ந்தது.

பத்து நாளில் முதல் 'டிரையல்'. கோட்டு வெள்ளை நூலோட்டத்தில் ஒரு கையில்லாமல் நிற்கும். மார்புப் பகுதிக்குள்ளே கான்வாஸ் வைத்து, காலரின் மடிப்பில் ஆயிரம் சிறு தையல்கள் கையாலேயே போட்டிருப்பார். வெளியே ஒன்றும் தெரியாது. கோட்டு ஆண்டுக் கணக்கில் உருக்குலையாமல் நிற்பது அத்தையல்களாலேதான். சாக்குக்கட்டியால் முதுகில் கோடிழுத்து, நூலைப் பிரித்து, மறுபடி பொருத்துவார். 'சரியா?' என்பார். தந்தையார் கண்ணாடியில் தம்மையே புதியவராகப் பார்த்துக்கொண்டு தலையசைப்பார்.

மாஸ்டர்ஜியின் பெருமை புதுக்கோட்டில் மட்டும் இல்லை. எங்கள் குடும்பங்களின் வருவாயை அறிந்து தைத்தவர் அவர். சைக்கிள் இருக்கையில் தேய்ந்துபோகுமென்று காற்சட்டையின் பின்புறத்தில் உள்ளே இரட்டைத் துணி கொடுப்பார். ஒவ்வொரு தையலுக்குள்ளும் ஓர் இஞ்சு துணியை வெட்டாமல் விட்டுவைப்பார். உடல் பெருத்தாலும் மகன் உடுத்தினாலும் பிரித்து விரிக்கலாம். துணி வெளுத்துவிட்டால் கோட்டு முழுவதையும் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுப்பார். புதுக்கோட்டு போலவே இருக்கும்; ஒன்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். இடப்பக்கம் இருக்க வேண்டிய மேற்பை வலப்பக்கம் வந்துவிடும்! எங்கள் தந்தையருள் பலர் பல ஆண்டுகள் வலப்பக்கப் பையுடன் அலுவலகம் சென்றனர். ஒருவரும் மற்றவரைக் கேட்டதில்லை. ஏனெனில் எல்லோர்க்கும் காரணம் தெரியும்.

எழுபதுகளில் எங்களுக்கென ஒரு கோட்டு வந்தது. ஷாஜகான் சாலையில் தோல்பூர் மாளிகையில் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர் ஐவருக்கும் ஒரே கோட்டு! முதலாமவனுக்குத் தோள் அகலம், மூன்றாமவன் நெட்டை. ஒவ்வொரு முறையும் மாஸ்டர்ஜி இரவோடிரவாகக் கையை நீட்டியும் இடுப்பைச் சுருக்கியும் கொடுத்தார். கூலி கேட்டதற்கு, 'வேலை கிடைத்தபின் கொடு, பேட்டா' என்றார். ஐவரில் மூவர்க்கு வேலை கிடைத்தது. அவர் மற்ற இருவரிடமும் கேட்கவே இல்லை.

திருமணங்களையும் சொல்லாமல் விட இயலாது. மாப்பிள்ளை அழைப்புக்குச் சூட்டு வேண்டும் என்பது நம்மவர் வழக்கம் அன்றோ! கும்பகோணத்திலிருந்து வருங்கால மாமனார் பணம் அனுப்புவார், தில்லியில் தைக்கப்படும், சித்திரை வெயிலில் தஞ்சை மாவட்டத்து வீதியில், கம்பளிச் சூட்டுக்குள் வெந்துகொண்டே மாப்பிள்ளை ஊர்வலம் வருவார். 'தெற்கே இதைப் போட்டால் ஆள் அவிந்துபோவாரே!' என்று மாஸ்டர்ஜி ஒவ்வொரு முறையும் வருந்துவார்; பிறகு உள்துணியை மெல்லியதாக வைப்பார்.

இனிச் சொல்லப்போவது சொல்வதற்கு எளிதன்று.

1984 அக்டோபர் 31-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் சுட்டுக் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த நாட்களில் இந்நகரில் 2,733 சீக்கியர் கொல்லப்பட்டனர் என்பது அரசு ஏற்ற கணக்கு. நவம்பர் முதல் நாள் காலையில் எங்கள் சந்தையிலும் கூட்டம் புகுந்தது. குளிர்காலத் தையலுக்காக நாம் கொடுத்த துணிகளும், அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகங்களும் கடையோடு எரிந்தன. மூன்றாம் வரிசையில் குடியிருந்த ஒரு தாயார் மாஸ்டர்ஜியையும் அவர் துணைவியாரையும் இரு மைந்தரையும் தம் சமையலறையில் மூன்று நாட்கள் மறைத்து வைத்துக் காத்தார். அவ்வம்மையார் இன்று நம்மிடையே இல்லை. அவரால் நம் குடியிருப்புக்கு ஒரு நற்பெயர் உண்டு. ஆனால் மற்ற வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டன. எங்கள் வீடுகளும் அவற்றுள் அடக்கம். மாடியிலிருந்து புகையைப் பார்த்தோம். முப்பது வயதைத் தொட்ட ஆண்மக்கள் நாங்கள், படியிறங்கவில்லை.

ஜனவரியில் அவர் இரவல் இயந்திரத்தோடு திரும்பி வந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. யாருடைய துணி, என்ன நிறம், எத்தனை மீட்டர் எரிந்தது என்று நினைவிலிருந்தே எழுதியிருந்தார். வீடுவீடாக வந்து, 'இத்துணி என் கடன். சிறிது சிறிதாகத் தீர்ப்பேன்' என்றார். கடன் பட்டவர் யார் என்பதை நாங்கள் அறிவோம், வாய்தான் எழவில்லை. எங்கள் தந்தையர் வாங்க மறுத்தனர், அவரோ விடவில்லை. இறுதியில் ஒரு முதியவர் தம் பழைய கோட்டைக் கொண்டுவந்து, 'இதைத் திருப்பித் தைத்துக் கொடுங்கள், மாஸ்டர்ஜி' என்று கூலியை முன்னதாகவே வைத்தார். மறுநாள் முதல் வரிசை வரிசையாகப் பழைய கோட்டுகள் சென்றன. அவற்றுள் பாதிக்கு எந்த வேலையும் தேவையாயிருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் தைத்துக் கொடுத்தார்.

அந்த ஆண்டு ஒரு கைம்பெண், மறைந்த கணவரின் கோட்டை மகனுக்காகக் கொண்டு சென்றார். மாஸ்டர்ஜி புதுப் புத்தகத்தை எடுத்து, மறைந்தவருடைய அளவுகளைத் தாமே சொல்லி எழுதினார். 'மார்பு 36. இடத் தோள் அரை இஞ்சு தாழ்வு. கோப்புப் பை எப்போதும் அந்தத் தோளில்தானே!' என்றார். அந்த அம்மையார் அங்கேயே அழுதுவிட்டார்.

அதன் பின்னர்க் காலம் மாறியது. டெரிலின் முன்னரே வந்துவிட்டது. எண்பதுகளிலிருந்து ஆயத்த ஆடைகள் பெருகின. 1981-இல் அரசுடைமையான அவ்விரு கம்பளி ஆலைகளும் நலிந்து ஓய்ந்தன. தொண்ணூறுகளின் இறுதியில் மாஸ்டர்ஜியும் மறைந்தார். எங்கள் பேரர்கள் கைப்பேசியில் கோட்டு வாங்குகின்றனர். அளவு பொருந்தாவிடில் திருப்பி அனுப்புகின்றனர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் சம்பாதித்தது அவர்கள் வலப்பக்கப் பையுடன் திரியாதிருக்கத்தான்.

அன்பர்களே! மாஸ்டர்ஜியின் மூத்த மைந்தர், எங்கள் அழைப்பை ஏற்று இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லாமல் வைத்திருந்த சொல்லை இந்தச் சபையில் சொல்லுகிறோம். அன்று நாங்கள் படியிறங்கி வரவில்லை. எங்களை மன்னித்தருள வேண்டும். தங்கள் தந்தையார் ஒவ்வொரு தையலுக்குள்ளும் பிறர்க்கென்று ஓர் இஞ்சு துணி விட்டுவைத்தவர். அவர் தைத்த கோட்டுகளில் ஒன்றை நாங்கள் இன்றும் வைத்திருக்கிறோம். சென்ற மார்கழியில் எங்கள் பேரன் ஒருவனுக்காக அதைப் பிரித்து விரித்தோம். உள்ளேயிருந்த துணி சற்றும் வெளுக்காமல் இருந்தது.

இளஞ்செல்வங்களே! நாம் பிற மாநிலத்தில் வந்து வாழ்பவர்கள். நம்மைப் போன்றே வேரிழந்து வந்தவர்களோடு கலந்துதான் இங்கே நாம் ஊன்றினோம். அவர்களுக்கு இடர் வரும் நாளில் கதவைத் திறப்பதும் தமிழ்ப் பண்பேயாகும். அந்தத் தாயார் செய்ததை நீங்கள் நினைவில் வையுங்கள். நாங்கள் செய்யத் தவறியதையும் மறவாதீர்கள்.