பழைய காரும் புதிய எண்ணெயும்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை வேளையிலே என் அயலவர் ஒருவர் படலையடியில் வந்து நின்றார். வாடகைக்குக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்துபவர் அவர். “மாஸ்ரர், கார் 230,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. நான் வாங்கிய பின்பு கியர்ப் பெட்டி எண்ணெயை மாற்றவேயில்லை. எனக்கு முன் வைத்திருந்தவர் மாற்றினாரோ தெரியாது. உடனே மாற்று என்கிறார் ஒருவர். மாற்றினால் கார் நடுத்தெருவில் நின்றுவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்லைக் கேட்பது?” என்றார்.

“முதலில் எண்ணெயையே கேட்போம், தம்பி” என்றேன். அன்று நாங்கள் இருவரும் பேசியதன் சாரத்தையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இஃது ஒருவருடைய கவலையன்று. 2020 மார்ச்சிலே நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் உள்ள காரையே பேணி ஓட்டவேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டது. அவற்றுள் மிகப் பல, யப்பானிலிருந்து வந்த தன்னியக்கக் கியர்க் கார்கள். அப்பெட்டி பழுதுபட்டால் ஆகும் செலவு, உழைத்து உண்ணும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடக் கூடியது.

கையால் கியர் மாற்றும் காரிலே எண்ணெய்க்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: பற்சக்கரங்கள் தேயாமற் காப்பது. தன்னியக்கப் பெட்டியிலோ அதற்கு வேலைகள் பல. எஞ்சினின் விசையைச் சில்லுகளை நோக்கிக் கடத்துவதும், தன் அமுக்கத்தால் உள்ளிருக்கும் கிளச்சுத் தட்டுகளை இறுக்குவதும், வெப்பத்தை வெளியே கொண்டு செல்வதும் அதுவே. தட்டுகள் அளவுக்கு மிஞ்சி வழுக்காமலும் வெடுக்கென்று பற்றாமலும் உராய்வை ஒழுங்குசெய்வதும் அதுவே. இந்த உராய்வுக்காக 1970களின் தொடக்கம்வரை எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெயை அமெரிக்காவிலே கலந்து வந்தார்கள். அவ்வுயிரினத்தைக் காக்கச் சட்டம் வந்த பின்னரே வேறு சேர்மானங்கள் அதனிடத்தைப் பிடித்தன. எனவே எண்ணெய் பழுதாவது என்றால் அதன் வழுவழுப்புக் குறைவது மாத்திரமன்று; இச்சேர்மானங்கள் தேய்ந்து போவதுமாகும்.

அவற்றைத் தேய்ப்பதில் முதலிடம் வெப்பத்துக்கு உரியது. ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை செல்சியசு ஏற்றத்துக்கும் எண்ணெய் ஒட்சியேறும் வேகம் இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு. கடுகண்ணாவை ஏற்றத்திலே பாரத்தோடு ஏறும் காரும், கொழும்பு நெரிசலிலே நின்று நின்று ஊரும் காரும் எண்ணெயை விரைவில் முதுமையாக்கும். “ஆயுட்கால எண்ணெய்; மாற்ற வேண்டியதில்லை” என்று சில கார் நிறுவனங்கள் சொல்வதுண்டு. ஆனால், பல கார் நிறுவனங்களுக்குக் கியர்ப் பெட்டி செய்து கொடுக்கும் ஜேர்மனியின் இசட். எஃப். நிறுவனமோ, தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் எண்ணெய் மாற்றும்படி கூறுகிறது.

மாற்றுவதற்கு வழிகள் மூன்று. முதலாவது, அடியிலுள்ள திருகாணியைக் கழற்றி வடிவதை வடியவிட்டு, அதே அளவு புதியதை ஊற்றுவது. இரண்டாவது, எண்ணெய்த் தட்டையே கழற்றித் துடைத்து, வடிகட்டியையும் மாற்றி, பின்பு ஊற்றுவது. மூன்றாவது, இயந்திரமொன்றைக் குளிர்விப்பான் குழாயோடு இணைத்துப் பழைய எண்ணெய் முழுவதையும் வெளியேற்றிப் புதியதைச் செலுத்துவது. இம்மூன்றாம் வழியிலும் வேறுபாடு உண்டு. பெட்டியின் சொந்தப் பம்பியே எண்ணெயைத் தள்ள, வெளியேறும் அளவுக்குப் புதியது உள்ளே செல்வது ஒரு வகை; வெளியிலிருந்து அமுக்கத்தோடு கழுவித் தள்ளுவது இன்னொரு வகை.

முதல் வழியில் ஒரு குறை உண்டு. முறுக்குவிசை மாற்றியிலும் குழாய்களிலும் தங்கிய எண்ணெய் வடியாது. ஒரு முறைக்கு நூற்றுக்கு 40 பங்கு வடிவதாக வைத்துக்கொள்வோம். முதல் முறையில் 40 பங்கு புதியதாகும். அவ்வாறே இரண்டாம் முறை செய்தால் 64 பங்கும், மூன்றாம் முறை செய்தால் ஏறத்தாழ 78 பங்கும் புதியதாகிவிடும். குறை என்று கண்ட இதுவே பழைய காருக்கு நன்மையாகவும் முடிகிறது. மாற்றம் படிப்படியாக நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் வடிந்ததைப் பார்த்து, மேலே செல்லலாமா என்று சிந்திக்க இடமும் கிடைக்கிறது.

இனி, அந்த அச்சத்துக்கு வருவோம். புதிய எண்ணெய் பழைய பெட்டியைக் கெடுக்குமா? இவ்வச்சம் முற்றிலும் வெறுங்கதையன்று. நெடுங்காலம் தங்கிய படிவு, அமுக்கத்தோடு கழுவும்போது பெயர்ந்து, வால்வுகளின் ஒடுங்கிய வழிகளை அடைத்துவிடக் கூடும். ஆயினும் பெரும்பாலும் நடப்பது வேறு. கார் வழுக்கத் தொடங்கிய பின்பே சொந்தக்காரர் எண்ணெயை நினைக்கிறார். தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்துவிட்டன. எண்ணெயை மாற்றுகிறார், அடுத்த மாதம் பெட்டி நின்றுவிடுகிறது, பழி எண்ணெய்மேல் விழுகிறது. சாகுந் தறுவாயில் அழைக்கப்பட்ட வைத்தியரைக் கொலைகாரர் என்பது போன்றதே இது.

ஆகவே நோயைப் பார்த்தே வழியைத் தெரிவுசெய்ய வேண்டும். அளவுக்கம்பியில் ஒட்டும் எண்ணெயை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். கம்பியில்லாத கார்களில் கராஜிலே சிறிதளவு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல எண்ணெய்கள் புதிதிலே சிவப்பானவை. பழுப்பாக மாறியிருப்பின் அது வயதின் அடையாளம். கருகிய மணத்தோடு கறுத்திருப்பின் தட்டுகள் எரிந்திருக்கின்றன என்று ஐயுறலாம். தட்டைக் கழற்றினால் அங்குள்ள காந்தத்தையும் நோக்குங்கள். சாம்பல் நிறக் களிபோன்ற மெல்லிய படிவு இயல்பானது. கையில் நெருடும் உலோகத் துண்டுகள் இயல்பானவையல்ல.

எண்ணெய் பழுப்பாகி, காரில் வழுக்கலோ நடுக்கமோ இல்லை, முன்னைய வரலாறும் தெரியாது என்றால், வடித்து ஊற்றும் வழியே தக்கது. ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீற்றர் இடைவெளி விட்டு மூன்று முறை செய்யலாம். வசதியுள்ள பெட்டியானால் முதல் முறையிலேயே வடிகட்டியையும் மாற்றுவது நன்று. காலந்தவறாது மாற்றிவந்த காருக்குப் பெட்டியின் பம்பியாலே இயங்கும் இயந்திர வழியும் பொருந்தும். எண்ணெய் கருகி, கியர் விழத் தாமதித்து, எஞ்சின் இரைந்தும் கார் நகரத் தயங்குமானால், எந்த வழியும் மருந்தாகாது. அப்போது எண்ணெய்க்குச் செலவிடும் பணத்தைப் பெட்டியைத் திருத்தும் செலவுக்கென ஒதுக்குவதே விவேகம்.

வழியைவிட முக்கியமானது எண்ணெயின் இனம். ரொயோட்டாவின் ரி-4 வகைக்கும் டபிள்யூ. எஸ். வகைக்கும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்ற உறவு இல்லை. உருக்குப் பட்டியால் இயங்கும் சி. வி. ரி. பெட்டிக்குத் தனி எண்ணெய் உண்டு. சாதாரண எண்ணெயை ஊற்றினால் பட்டி வழுக்கிப் பெட்டி அழியும். ஆனால் பிரியஸ், அக்குவா முதலிய கலப்பினக் கார்களின் பெட்டியிலே அத்தகைய பட்டி இல்லை; அவற்றுள் பலவற்றுக்கு டபிள்யூ. எஸ். எண்ணெயே உரியது. பெயரைக் கேட்டு ஊகிக்காமல் கைநூலைப் பாருங்கள். அளவிலும் கவனம் தேவை. வடிந்ததை அளந்து அவ்வளவே ஊற்றி, நிறுவனம் குறித்த வெப்பநிலையில் மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். கூடினால் நுரைக்கும், குறைந்தால் பம்பி காற்றை உறிஞ்சும்.

வடிந்த எண்ணெயை வளவிலே ஊற்றிவிடாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்திலே மேலே சிந்தியது கிணற்றைச் சென்றடைய அதிக தூரமில்லை. போத்தலில் அடைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் கராஜிலே கொடுத்துவிடுங்கள்.

என் அயலவரின் எண்ணெய் பழுப்பாக இருந்தது, கருகவில்லை. மூன்று மாதத்தில் மூன்று முறை வடித்து ஊற்றினார். மூன்றாம் முறை வடிந்தது ஏறக்குறையச் சிவப்பாகவே இருந்தது. கார் இன்றும் ஓடுகிறது. மாற்றிய திகதியையும் அப்போது ஓடியிருந்த தூரத்தையும் ஒரு சிறு அட்டையில் எழுதிக் காரிலேயே வைத்திருக்கிறார். “எனக்குப் பிறகு வாங்குகிறவர் உங்களிடம் வந்து நிற்கத் தேவையில்லை, மாஸ்ரர்” என்றார்.

நேயர்களே, உங்கள் காரிலும் அத்தகைய அட்டை ஒன்று இருக்கட்டும்.