மலைநகரில் ஒரு சமதளம்



நகராட்சி மன்றம் ஒரு சாக்கடையைச் செப்பனிட்டால் ஊரார் அதைக் கவனிப்பதும் இல்லை, கடிந்துரைப்பதும் இல்லை. அதே மன்றம், இளைஞர் விளையாடுவதற்கு ஓர் இடம் அமைக்கப் போகிறோம் என்று தீர்மானம் நிறைவேற்றட்டும். மறுநாள் காலையில் தேநீர்க் கடைதோறும் நீதிமன்றம் கூடிவிடும். “இதற்கா வரி கட்டினோம்?” என்பார் ஒருவர். “வேலையற்ற கூட்டமெல்லாம் அங்கே வந்து சேரும்” என்பார் மற்றொருவர். இந்தப் பேச்சை வெறும் வம்பு என்று தள்ளிவிடலாமா, அல்லது அதனுள்ளே மன்றத்தார் காது கொடுத்துக் கேட்கத் தக்க செய்தி ஏதேனும் உண்டா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மேல்நாட்டு நகரங்களில் இவ்வகைக் கண்டனத்தை மிகுதியாகத் தாங்கியது ஸ்கேட்டிங் பூங்கா. ஏறக்குறைய இரண்டு முழ நீளமுள்ள ஒரு பலகை. அதன் அடியில் நான்கு சிறு சக்கரங்கள். அப்பலகையின்மேல் நின்று வழுக்கிச் செல்வதற்காகக் குழிவும் மேடுமாக, வழவழப்பாகச் சமைத்த சிமெண்டுத் தளத்தையே ஸ்கேட்டிங் பூங்கா என்கிறார்கள். பெயர்தான் பூங்கா, அங்கே ஒரு பூவும் இராது. கடலலையின்மீது சறுக்கிப் பழகிய கலிபோர்னியா இளைஞர்கள், அலையில்லாத நாட்களில் தெருவில் சறுக்கத் தொடங்கியதில் பிறந்த விளையாட்டு இது. 1950-களில் இதைக் கண்டவர்கள், இரண்டொரு ஆண்டில் மறைந்துவிடும் பைத்தியம் என்றார்கள். 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் அது முதன்முறையாக இடம்பெற்றது. ஹார்ன்சர்ச் என்னும் இடத்தில் 1978-இல் கட்டப்பட்ட ஒரு ஸ்கேட்டிங் பூங்காவை 2014-இல் இங்கிலாந்தில் பாதுகாக்கத் தக்க கட்டடங்களின் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்! கண்டனம் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதைப் பழம்பெருஞ் சின்னமாகச் சுற்றிக் காட்டக்கூடும்.

ஆகவே கண்டனம் எல்லாம் வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். லண்டன் மாநகரில் தேம்ஸ் நதிக் கரையில் சவுத்பேங்க் என்ற கலைமன்றக் கட்டடம் ஒன்று உண்டு. அதன் அடித்தளத்தில், தூண்களுக்கு இடையே வெறுமனே கிடந்த இடத்தில், 1970-கள் முதலே இளைஞர்கள் பலகை ஓட்டி வந்தார்கள். அவர்களுக்கென்று யாரும் கட்டிக் கொடுத்த இடமன்று அது. 2013-இல் நிர்வாகத்தார் அவ்விடத்தைக் கடைகளுக்கு விடத் திட்டமிட்டு, “உங்களுக்குச் சற்றுத் தள்ளிப் புதியதாக ஒன்று கட்டித் தருகிறோம்” என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? ஆனால் அந்த இளைஞர்கள் இசையவில்லை. புதியது வேண்டாம், பழகிய இடமே வேண்டும் என்று மேசை போட்டு உட்கார்ந்து கையொப்பம் திரட்டினார்கள். பல்லாயிரக்கணக்கான ஆட்சேப மனுக்கள் குவிந்தன. 2014-இல் நிர்வாகத்தார் இறங்கி வந்தனர். அந்த வழக்கில் கண்டித்தவர்கள் முதியவர்கள் அல்லர், விளையாடியவர்களே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதனிடம் திரும்பி வருவோம்.

இனி நம் நீலகிரிக்கு வருவோம். உதகமண்டலத்திலோ குன்னூரிலோ இப்போது வழக்காடப்படுவது சிமெண்டுச் சறுக்குத் தளம் அன்று. அதைவிடப் பெரியதொரு சமதளம். அதைப்பற்றிப் பேசுமுன் மலையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு மைதானம் என்பது அரிய பொருள் அன்று. அறுவடையான வயலில் மூன்று குச்சிகளை நட்டால் கிரிக்கெட் தொடங்கிவிடும். மலையில் அப்படியில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் வளரும் சிறுவன் பந்தை ஓங்கி அடித்தால், அது இரண்டு சரிவுகளுக்குக் கீழே சென்று தேயிலைச் செடிக்குள் மறைந்துவிடும். அதைத் தேடி எடுத்து வருவதே ஆட்டத்தில் பாதி. நீலகிரியில் சமமான நிலம் என்று கிடைப்பது பெரும்பாலும் இரண்டு குன்றுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடிப்பகுதிதான். அப்பள்ளங்களோ சதுப்பு நிலங்கள். பெய்யும் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருந்து, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுவது அந்தச் சதுப்பின் தொழில். எனவே மலையில் மைதானம் வேண்டுமானால் ஒன்று சரிவை வெட்ட வேண்டும். அல்லது சதுப்பை மூட வேண்டும். இரண்டுக்கும் விலை உண்டு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, மாவட்டமெங்கும் சரிவுகள் இடிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெட்டிய சரிவும், நீர் போக வழியடைத்த கட்டடமும் அன்று தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொண்டன.

மலையின் தொல்குடியினர் இந்த இக்கட்டை எளிதாகத் தீர்த்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தோடர் மந்துகளில் புல்வெளியின்மேல் உருண்டையான பெருங்கல் ஒன்று கிடக்கும். அதைத் தோள்வரை தூக்குவதே இளைஞனின் வலிமைக்குச் சோதனை. வெட்டவும் இல்லை, மூடவும் இல்லை. புல் இருந்தபடியே இருக்கிறது. நகரம் அந்த முறையில் வாழ முடியாது என்பது உண்மைதான். 2011 கணக்கெடுப்பின்படி உதகை நகராட்சியில் மட்டும் 88,000-க்கு மேற்பட்ட மக்கள். ஒரு கல்லை வைத்துக்கொண்டு அத்தனை பிள்ளைகளும் என்ன செய்வார்கள்?

உதகையின் நடுவே உள்ள பெரிய சமதளம் குதிரைப் பந்தயத் திடல். ஏறக்குறைய 52 ஏக்கர். ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டுவித்த ஏரி, முதலில் இன்றைய அளவினதாக இல்லை. இன்றைய பேருந்து நிலையமும் பந்தயத் திடலும் இருக்கும் பகுதிவரை அது பரந்து கிடந்தது. ஏரி சுருங்கச் சுருங்கத் திடல் பிறந்தது. 1886 முதல் அங்கே குதிரைப் பந்தயம் நடந்து வந்தது. குத்தகைப் பாக்கி 800 கோடி ரூபாய்க்கு மேல் என்று கூறி, 2024 ஜூலையில் வருவாய்த் துறையினர் அந்நிலத்தை மீட்டுக்கொண்டார்கள். அங்கே சூழல் பூங்கா அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது.

அறிவிப்பு வந்ததும் அபிப்பிராயங்கள் பலவாகப் பிரிந்தன. வண்டி நிறுத்த இடமில்லாமல் ஊர் திணறுகிறதே, அதற்கு விடுங்கள் என்றனர் சிலர். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோடையில் வரும் வாகனங்களைத் தாங்க மாட்டாமல்தானே, நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறையே கொண்டுவரப்பட்டது! நூற்றாண்டு கடந்த பந்தயம் போயிற்றே என்று வருந்தியவர்களும் உண்டு. இயற்கை ஆர்வலர்களோ, பூங்காவும் வேண்டாம், வண்டி நிலையமும் வேண்டாம், அது சதுப்பு நிலம், சதுப்பாகவே மீளட்டும் என்றார்கள். இந்தக் கடைசிக் கண்டனம் வெறும் கனவு அன்று. கோடப்பமந்துக் கால்வாய் நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு ஏரிக்குப் போவது அந்தப் பக்கமாகத்தான். கனமழை நாளில் பேருந்து நிலையத்தை அடுத்த ரயில் பாலத்தடியில் நீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுபோவதை ஊரார் அறிவர். ஏரி தன் பழைய இடத்தை மறக்கவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இத்தனை குரல்களில் ஒரு குரல் மெலிந்து ஒலிப்பதைக் கவனித்தீர்களா? உதகைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல். பூங்கா என்றால் பயணிக்கு. வண்டி நிலையம் என்றாலும் பயணிக்கு. மலர்ச் செடிகளைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, நுழைவுச்சீட்டுக் கொடுத்துக் காட்டும் பூங்காவில் உள்ளூர்ச் சிறுவன் ஓடியாட முடியுமா? தாவரவியல் பூங்காவின் கதையையே பாருங்கள். 1840-களில் இங்குக் குடியிருந்த ஐரோப்பியர், காய்கறி விலை கட்டுப்படியாகவில்லை என்று சந்தா போட்டுத் தொடங்கிய தோட்டத்திலிருந்துதான் அது வளர்ந்தது. குடியிருந்தவர்களின் தேவைக்குப் பிறந்தது, இன்று வந்துபோகிறவர்களின் காட்சிக்கூடமாக விளங்குகிறது. அதில் தவறில்லை, வருமானமும் உண்டு. ஆனால் நகரில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு சமதளமும் அதே வழியில் போக வேண்டுமா என்று கேட்பது குற்றமாகாது.

கட்டணம் என்ற விஷயத்தில் சென்னை மாநகராட்சியின் அனுபவம் ஒன்று உண்டு. 2024 அக்டோபர் இறுதியில், செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைக்கவும், ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கவும் அம்மன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் வடசென்னையில் அன்றாடம் இரண்டு மணி நேரம் பழகும் ஏழைச் சிறுவன் மாதம் ஒன்றுக்கு 7,200 ரூபாய்க்கு எங்கே போவான்? நாலா பக்கமும் எதிர்ப்பு எழுந்தது. ஓரிரு நாளில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. அங்கே ஒருவரும் “திடல் எதற்கு?” என்று கேட்கவில்லை. திடல் யாருக்கு என்று கேட்டார்கள். கேள்வி கூர்மையாக இருந்ததால் பதிலும் விரைவாக வந்தது.

மத்தியப் பிரதேசத்தில் பன்னா மாவட்டத்து ஜன்வார் என்னும் சிற்றூரில் 2015-இல் ஒரு ஸ்கேட்டிங் பூங்கா கட்டினார்கள். வறுமை மிக்க ஊரில் இது என்ன ஆடம்பரம் என்று எவருக்கும் தோன்றும். அங்கே விதிகள் இரண்டே: பள்ளிக்குப் போகாதவனுக்குப் பலகை இல்லை, பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். ஒன்றாக உட்காராத சாதிப் பிள்ளைகள் ஒரே பலகையை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். தளத்தைவிட அந்த விதிகளே பெரிய கட்டுமானம் என்பேன்.

இப்போது சவுத்பேங்க் இளைஞர்களிடம் திரும்பி வருவோம். அவர்களிற் பலருக்கு வாக்குரிமையே இல்லை. நம் ஊரிலும் அதே நிலைமைதான். தமிழ்நாட்டு நகராட்சிகளில் வார்டு தோறும் பகுதி சபைகள் கூட 2022-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அந்தச் சபையின் உறுப்பினர்கள் அப்பகுதி வாக்காளர்கள். சாலை, விளக்கு, குடிநீர், பூங்கா எல்லாவற்றையும் அங்கே பேசலாம். ஆனால் மைதானத்தில் நாளெல்லாம் ஆடப்போகும் பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அச்சபையில் இருக்கை இல்லை. அவளுக்காகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விளையாடி முப்பது ஆண்டுகள் ஆனவர்கள். சத்தம் கேட்கும் என்பதே அவர்களுடைய முதற்கவலை. அமைதியை விரும்புவது தப்பன்று. எனினும் விளையாட்டிடத்தில் சத்தம் வரக்கூடாது என்பது, அடுக்களையில் புகை வரக்கூடாது என்பதைப் போன்றது.

கல்லூரி மாணவர்களாகிய உங்களில் பலர் பதினெட்டு நிரம்பியவர்கள், வாக்காளர்கள். கட்டி முடித்த பிறகு கல்லெறிவதைவிட, வரைபடம் காகிதமாக இருக்கும்போதே எழுந்து கேட்பது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் கையில் இருக்கிறது; திட்டத்தின் நகலை மனுப்போட்டே வாங்கலாம். உங்கள் தெருவில் உள்ள சிறு பிள்ளைகளை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பிறகு கேளுங்கள்: நுழைவுக்கட்டணம் உண்டா? மாலை எத்தனை மணிவரை வாயில் திறந்திருக்கும்? பெண் பிள்ளைகளுக்கு விளக்கு வெளிச்சமும் கழிப்பிடமும் எங்கே? கோடை வந்தால் இது வண்டி நிறுத்தும் இடமாக மாறிவிடுமா? இத்தனை சதுர அடி சிமெண்டு போட்டால், ஐப்பசி மழையில் அந்த நீர் எந்த வழியாக ஏரிக்குப் போகும்?